மாயாவிக்குச் சூடம் காட்டுவோர் உண்டோ?

மாயக்கதை படிக்கிறார்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்! மந்திரக்கோல் சுழற்றும் சிறுவனையும், புதையலைக் காத்துக் கிடக்கும் நாகத்தையும், பேசும் மரத்தையும், பறக்கும் குதிரையையும் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள். உண்ண அழைத்தால், "இதோ" என்கிறார்கள். உறங்கச் சொன்னால், "இன்னும் ஓர் அத்தியாயம்" என்கிறார்கள். கெட்டது குடி என்று கூவுகின்றனர் பெரியோர் பலர்.

கூவுவோர் ஒருவரல்லர், மூவர்.

முதலாமவர், மதிப்பெண் ஒன்றே வாழ்வு என்று நம்பும் பெற்றோர். பாடநூலில் இல்லாத வரி எதுவும் பயனற்ற வரி என்பது அவர் கொள்கை. இரண்டாமவர், வைதிகர். "நம் புராணத்தில் இல்லாத மாயமா? ஆழ்வாரும் அவதாரமும் இருக்க அயல்நாட்டு அரக்கன் எதற்கு?" என்பது அவர் கேள்வி. மூன்றாமவர்தான் நம் கவனத்துக்கு உரியவர். ஏனெனில் அவர் நம்மவர். "பேயில்லை, பிசாசில்லை, மந்திரமில்லை, மாயமில்லை என்று ஊர் ஊராய்ச் சென்று உரைத்தோமே! கல்லடி பட்டோமே! இன்று நம் கொள்கைக் குடும்பத்துப் பிள்ளையே மந்திரவாதிகளின் பள்ளிக்கூடத்தை மடியில் வைத்துக்கொண்டு மகிழ்கிறதே! இதற்கோ இத்தனை பாடு?" என்று மனம் வெதும்புகிறார் அந்தத் தோழர்.

முதலிருவருக்கு விடையிறுப்பது எளிது. மூன்றாமவருக்கு விடையிறுப்பது கடமை. அந்தக் கடமைக்காகவே இக்கட்டுரை.

தோழரே, தொலைவுக்குச் செல்ல வேண்டா. எங்கள் ஆலங்குளத்துக்கு வாருங்கள். மேற்கே இராசபாளையம், வடக்கே திருவில்லிபுத்தூர், கிழக்கே சிவகாசி. வழக்கைத் தீர்ப்பதற்கான சான்றுகள் அத்தனையும் இந்த வட்டாரத்திலேயே கிடைக்கின்றன.

சிவகாசி தீப்பெட்டிக்கும் வெடிக்கும் மட்டுமன்று, அச்சுக்கும் பேர்போன ஊர். கோவிற்பட்டியில் வாழ்ந்து 1976-இல் மறைந்த ஓவியர் கொண்டைய ராஜுவும் அவர்தம் மாணாக்கரும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சில் ஏறின, நாட்காட்டிகளாயின, மளிகைக் கடையிலும் மாட்டுத் தொழுவத்திலும் தொங்கின. தாமரைமேல் நிற்கும் திருமகளும், மயில்மேல் அமர்ந்த முருகனும் இந்நாட்டு மக்களின் மனக்கண்ணில் இன்று எந்த முகத்தோடு தோன்றுகின்றனரோ, அந்த முகத்தைப் பேரளவுக்கு அமைத்துத் தந்தவை அந்த அச்சுப்பொறிகளே.

அதே சிவகாசியிலிருந்துதான் 1972-இல் 'முத்து காமிக்ஸ்' புறப்பட்டது. அதன் முதல் இதழின் தலைவன் இரும்புக்கை மாயாவி. 1962-இல் இங்கிலாந்தில் பிறந்து, பத்தாண்டு கழித்துத் தமிழ் பேசத் தொடங்கிய மாயாவி! கையிழந்து, இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். உடலில் மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்துபோகும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். எத்தனை சிறுவர்கள் அந்தக் கையைப் பின்தொடர்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினர்! 1984-இல் 'லயன் காமிக்ஸ்' பின்தொடர்ந்தது. இரண்டும் இன்றும் வருகின்றன.

இப்போது இரண்டு படங்களையும் எடுத்து எதிரெதிரே வையுங்கள். நான்கு கை கொண்ட உருவம் ஒன்று. ஒற்றை இரும்புக்கை கொண்ட உருவம் மற்றொன்று. இரண்டும் காகிதம், இரண்டும் மை, இரண்டும் ஒருவன் உள்ளத்தில் தோன்றி, மற்றொருவன் விரலால் வடிவம் பெற்றவை. ஆனால் தோழரே, மாயாவிக்குச் சூடம் காட்டியவர் உண்டோ? மாயாவிக்கு மொட்டை போட்டவர் உண்டோ? மாயாவியின் உண்டியலில் மகளின் தாலித் தங்கத்தைப் போட்டுவிட்டுக் கடன்காரனுக்கு அஞ்சி ஒளிந்தவர் உண்டோ? மாயாவியின் முகத்தில் பிறந்தவன் மேலோன், மாயாவியின் காலில் பிறந்தவன் கீழோன் என்று எவரேனும் எழுதி வைத்தனரோ? மாயாவியின் தேர் வரும் தெருவில் நீ நடவாதே என்று எவரையேனும் விரட்டினரோ?

இல்லை! ஏன் இல்லை? மாயாவி, "நான் கதை" என்று தன் அட்டையிலேயே ஒப்புக்கொண்டு வருகிறான். பிள்ளை படிக்கிறது, வியக்கிறது, சிரிக்கிறது, மூடி வைத்துவிட்டு விளையாடப் போகிறது. கும்பிடு கேட்பதில்லை; காணிக்கை கேட்பதில்லை. ஐயம் கொண்டால் நரகம் என்று அச்சுறுத்துவதுமில்லை.

எனவே நாம் வகுக்க வேண்டிய வேறுபாடு, மாயமுள்ள கதை, மாயமில்லாத கதை என்பதன்று. கதை என்று ஒப்புக்கொள்ளும் கதை ஒன்று. கதை என்று ஒப்புக்கொள்ள மறுக்கும் கதை மற்றொன்று. முன்னது விருந்து, பின்னது விலங்கு. நம் இயக்கம் தொடுத்த போர் விலங்கின்மேல்; விருந்தின்மேல் அன்று.

பின்னதற்குச் சான்று வேண்டுமா? அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது. திருவில்லிபுத்தூர் நந்தவனத்தில், துளசிச் செடியருகே பெரியாழ்வார் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தார். அவளே ஆண்டாள் என்பது கதை. ஆண்டாளின் தமிழுக்கு ஈடுபடாத தமிழர் அரியர். கனவையும் காதலையும் அந்த வேகத்தோடு பாடிய பெண்மொழி அந்நாளில் வேறு ஏது? கவிதையாகக் கொள்வோர்க்கு அது கருவூலம். ஆனால், 2018 சனவரியில் இராசபாளையத்தில் ஆண்டாளைப் பற்றிக் கவிஞர் வைரமுத்து ஆற்றிய உரையில், ஆய்வாளர் கருத்தொன்றை எடுத்துக்காட்டினார் என்பதற்காக நடந்தவை என்ன? கண்டனக் கூட்டங்கள், காவல் நிலையங்களில் முறையீடுகள், நீதிமன்றத்தில் வழக்கு, திருவில்லிபுத்தூர் சீயரின் உண்ணாநோன்பு. கவிஞர் வருத்தம் தெரிவித்த பின்னரும் புயல் ஓயவில்லை. அந்த ஆய்வுக் கருத்து சரியா, பிழையா என்று அறிஞர்கள் அமர்ந்து ஆராய்ந்திருக்கலாம். ஆராய்ச்சிக்கு அங்கே இடமேயில்லை.

'மாயாவியின் கை இரும்பன்று, வெறும் தகரம்' என்று நாளை எவரேனும் எழுதினால், எந்த மடாதிபதி உண்ணாநோன்பு இருப்பார்? படித்த பிள்ளைகள் நாற்பது பேர் கூடி, "இல்லை, இரும்புதான், இந்தக் கதையின் இந்தப் பக்கத்தைப் பார்" என்று வழக்காடுவர். வழக்காட்டுக்கு இடந்தரும் கதை மனிதனை வளர்க்கும். வழக்குமன்றத்துக்கு இழுக்கும் கதை மனிதனை வாட்டும்.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். மாயக்கதையைக் கண்டு உண்மையில் அஞ்சுவோர் யார்? ஜே. கே. ரௌலிங் என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதிய ஹாரி பாட்டர் கதைகள் 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வெளிவந்தன. உலகெங்கும் பிள்ளைகள் நள்ளிரவில் புத்தகக் கடை வாயிலில் காத்து நின்று வாங்கினர். அதே நூலை எதிர்த்து அமெரிக்காவில் எழுந்த கூச்சலையும் கேளுங்கள். 2000 முதல் 2009 வரையான பத்தாண்டில், பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் அகற்றக் கோரி மிகுதியாக முறையிடப்பட்ட நூல்வரிசை அதுவே என்று அமெரிக்க நூலகச் சங்கம் பட்டியலிட்டது. 2001 திசம்பர் 30-இல், நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்தோ நகரில், ஒரு திருச்சபையார் அந்நூல்களைத் தீயிலிட்டனர். கொளுத்தியவர் பகுத்தறிவாளரல்லர், தோழரே! பாதிரியார்! தண்ணீர் திராட்சை மதுவாயிற்று என்று போதிப்பவருக்கு, தவளை சாக்லேட்டாயிற்று என்னும் கதை பொறுக்கவில்லை. ஏன்? இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் பிள்ளை, "இது கதையென்றால் அது மட்டும் என்ன?" என்று கேட்டுவிடுமே! வைதிகர் அஞ்சுவது மாயத்துக்கன்று, ஒப்பீட்டுக்கு.

அந்த ஒப்பீட்டை நம் இயக்கத்து முன்னோர் நன்கறிந்திருந்தனர். அறிந்ததால்தான் மாயக்கதையைக் கருவியாகவே கையாண்டனர். பாவேந்தர் பாரதிதாசன் 1930-இல் படைத்த 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' யாது? மாயப்புனைவு! வஞ்சி என்னும் மங்கை, குப்பன் என்னும் காதலனிடம் இரண்டு மூலிகை கேட்கிறாள். ஒன்றை உண்டால் உலக மக்கள் பேசுவதெல்லாம் காதில் விழும். மற்றொன்றை உண்டால் உலகக் காட்சியெல்லாம் கண்ணில் தெரியும். மூலிகையைத் தின்ற குப்பன், அனுமன் மலையைப் பெயர்க்கிறான் என்ற குரல் கேட்டுக் குலைநடுங்குகிறான். பிறகல்லவா தெரிகிறது, அது எங்கோ ஒரு பாகவதர் நடத்தும் இராமாயணக் கதைப்பேச்சு என்று! மாய மூலிகையைக் கொண்டே மதமாயையை அறுத்தார் பாவேந்தர். இராசபாளையத்தில் சஞ்சீவி மலை என்றே பெயர் பூண்ட குன்று ஒன்று நிற்கிறது. அனுமன் தூக்கிச் சென்ற மலையின் சிதறல் அது என்று சொல்லிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வோர் ஒருபுறம். அந்தப் பெயரைக் கேட்டதும் வஞ்சியை நினைத்து முறுவலிப்போர் மறுபுறம். ஒரே மலை, இரு கதை. எந்தக் கதை எவரை எங்கே நிறுத்துகிறது பார்த்தீர்களா?

அண்ணாவின் 'நீதிதேவன் மயக்கம்' யாது? மாண்டுபோன இராவணன் மீண்டும் வழக்குமன்றம் ஏறுகிறான், இரக்கமில்லாதவன் என்று தன்னைப் பழித்த கம்பரை நேருக்கு நேர் நிறுத்தி வினவுகிறான், நீதிதேவன் திகைக்கிறான். உலகில் எந்த நீதிமன்றத்தில் இது நடந்தது? எங்கும் நடவாது. நடவாததை நடந்ததாகப் புனைந்ததால்தான், நெடுங்காலமாக நடந்துவரும் அநீதி நமக்குத் தெரிந்தது. 1950-இல் கலைஞரின் எழுத்தோடு வெளிவந்த 'மந்திரி குமாரி' யாது? அரசனும் அரசகுருவும் உலவும் பழங்காலக் கதை. அந்தப் பழங்காலத்துப் போர்வையின் உள்ளே, அரசகுருவின் ஆட்டத்துக்கு ஆடும் ஆட்சியைப் பற்றிய இக்காலத்துச் சாட்டை இருந்தது.

"1943-இல் அண்ணாவே 'தீ பரவட்டும்' என்றாரே!" என்பீர்கள். ஆம், என்றார். சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் சொற்போர் நிகழ்த்தினார். அவர் எதிர்த்தது எதை? கலையின் பெயரால் கையில் ஏந்தச் சொல்லி, பக்தியின் பெயரால் காலில் விழச் செய்து, தமிழனை அரக்கனென்றும் குரங்கென்றும் தானே ஒப்புக்கொள்ள வைத்த நூலை. கற்பனை மிகுந்திருக்கிறது என்பது அவர் சாற்றிய குற்றமன்று. அந்தக் கற்பனை அடிமைச் சாசனமாகிவிட்டது என்பதே குற்றம். கற்பனையே குற்றமென்றால் அவர் கதை எழுதியிருப்பாரா, நாடகம் எழுதியிருப்பாரா?

'மாஜி கடவுள்கள்' என்று அவர் தீட்டிய கட்டுரைகளையும் நினைவிற்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் கோயில் கொண்டிருந்த சீயசும், உரோமாபுரியில் பலிபெற்ற சூப்பிட்டரும் எப்படிப் பதவியிழந்தனர் என்று பட்டியலிட்டார். பதவியிழந்த அந்தக் கடவுள்கள் இன்று எங்கே வாழ்கின்றனர்? மாயப்புனைவு நூல்களில்! இன்றைய பள்ளிச் சிறுவரோடு சேர்ந்து ஓடுகின்றனர், சண்டையிடுகின்றனர், பகடி செய்யப்படுகின்றனர். சீயசின் பெயரால் இன்று எவர் தலையும் உருள்வதில்லை. எவர் நிலமும் தேவதானமாவதில்லை. கோயிலிலிருந்து கதைப்புத்தகத்துக்குக் குடிபெயரும் நாளே ஒரு கடவுள் மனிதருக்குத் தீங்கற்றவராகும் நாள். மாயக்கதை, ஓய்வுபெற்ற கடவுளரின் இல்லம். அந்த இல்லத்தின் கதவை நாமே அடைக்கலாமா?

இனி, நூலை நேசிக்கும் இளம்பிள்ளை இத்தகைய கதையில் ஏன் இவ்வளவு மயங்குகிறது என்பதைக் காண்போம். "உழைக்காமல் உயர வழி தேடும் சோம்பல்" என்கின்றனர் சிலர். வகுப்பறையில் நாள்தோறும் அந்த முகங்களைக் காண்பவன் கூறுகிறேன்: சோம்பல் அன்று. அறுநூறு பக்க நூலைப் பத்து நாளில் முடிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்பவர், தாம் கடைசியாக அறுநூறு பக்கம் படித்தது எந்நாள் என்று சொல்லட்டும்.

அந்தப் பிள்ளை தேடுவது வேறு. பிறந்த நாள் முதலாக அது கேட்டுவரும் சொற்கள் யாவை? "உலகம் இப்படித்தான்." "நம் நிலை இதுதான்." "தலையெழுத்தை மாற்ற முடியுமா?" ஒரு காலத்தில் இந்தக் கந்தக மண்ணில், பள்ளிக்குப் போக வேண்டிய பிஞ்சு விரல்கள் விடியுமுன் தீக்குச்சி அடுக்கப் போயின. கேட்டால், "அது அப்படித்தான்" என்றனர். குழந்தைத் தொழிலைத் தடுக்க 1986-இல் நாடாளுமன்றம் சட்டமியற்றியது, பள்ளிகள் பெருகின, மதிய உணவு அழைத்தது, போராடினோர் போராடினர், 'அப்படித்தான்' என்பது அப்படியே நிற்கவில்லை. மாயக்கதை முதல் பக்கத்திலேயே சொல்வதும் அதுதான்: உலகம் வேறு விதமாகவும் இருக்கக்கூடும்! வேறு வானம், வேறு சட்டம், வேறு ஒழுங்கு இருக்கக்கூடும்! இந்த ஒரு சொல்லைக் கேட்டுப் பழகிய காதில், "தலைவிதி" என்ற சொல் எளிதில் நுழையாது. நடப்பதைத் தவிர வேறெதையும் எண்ணிப் பார்க்கத் தெரியாதவன் சீர்திருத்தக்காரனாக முடியாது. சாதியற்ற ஊரை இந்நாட்டில் எவர் கண்டார்? எவரும் கண்டதில்லை. கண்டிராத ஊரைக் கண்முன் கொண்டுவந்து, அதற்காக உழைப்பவனுக்குக் கற்பனை வேண்டுமா, வேண்டாவா?

கற்பனை அறிவை மழுக்கும் என்பதும் ஆராயாத கூற்று. 1947 சூலையில் சென்னையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய 'அம்புலிமாமா' இன்று அச்சில் இல்லை. ஆனால் அதில் சங்கர் வரைந்த படத்தை ஒரு தலைமுறை மறக்கவில்லை. வேதாளத்தைத் தோளில் சுமந்து, வாளேந்தி நடக்கும் விக்கிரமன்! பிணம் பேசுவது மூடநம்பிக்கை அன்றோ என்று முகம் சுளிக்குமுன், அந்தப் பிணம் பேசுவது என்ன என்று கேளுங்கள். ஒவ்வொரு கதையின் முடிவிலும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கிறது: இவர்களுள் குற்றவாளி யார்? எவன் செய்தது நியாயம்? விடை தெரிந்தும் வாய் திறவாமலிருந்தால் உன் தலை வெடிக்கும்! ஆராய்ந்து முடிவு சொல் என்று கட்டளையிடும் கதை அது. புராணப் பிரசங்கியார் கதை முடிந்ததும் கேட்பது கேள்வியையன்று, தட்டில் காசை. அறிந்தும் வாய் மூடியிருப்பவனுக்குத் தண்டனை உண்டு என்பதைச் சிறுவனுக்கு அந்த வேதாளத்தைவிட நன்றாகச் சொன்ன ஆசிரியர் எவர்?

மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "மந்திரத்தால் எல்லாம் ஆகுமென்றால், அந்தக் கதையில் வரும் மந்திரவாதிக் குடும்பம் ஏன் ஐயா பழைய உடையும் பழைய புத்தகமுமாய் வறுமையில் வாடுகிறது?" அருமையான கேள்வி! மாயக்கதையைப் படித்ததனால் எழுந்த கேள்வி. அடுத்த வாரம் அவளே கேட்டாள்: "கேட்டதெல்லாம் கொடுக்கும் காமதேனு இருந்ததென்றால், அந்த நாட்டில் எவரும் ஏர் உழுதது எதற்கு?" முதல் கேள்வியைக் கேட்கப் பழகிய நாக்குத்தான் இரண்டாம் கேள்வியைக் கேட்டது. நாம் மேடையேறி இரண்டு மணி நேரம் முழங்கி விளைப்பதை, ஒரு கதைப்புத்தகம் ஓசையின்றி விளைத்துவிட்டது.

அப்படியானால் மாயக்கதை யாவும் மாசற்றவையோ? அல்ல. கண்ணை மூடிக்கொண்டு கைதட்டுவது நம் வழக்கமன்று. புராணத்தைச் சல்லடையிட்ட கை, புதுக்கதையையும் சல்லடையிட வேண்டும்.

பிறப்பிலேயே அரசனாகத் தகுந்தவன் ஒருவன் என்று எத்தனை கதைகள்! காட்டில் வளர்ந்தாலும் அரச இரத்தம் தன்னைக் காட்டிவிடும் என்று எத்தனை கதைகள்! முன்னோர் உரைத்த வருவதுரைப்பில் பெயர் குறிக்கப்பட்டவனே நாட்டைக் காக்க முடியும் என்று எத்தனை கதைகள்! இவை வருணதருமத்தின் வெளிநாட்டு உறவினர் என்பதைப் பிள்ளைக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். அதே வேளையில், ரௌலிங்கின் கதையில் தீயோர் கூட்டம் முழங்கும் கொள்கையே 'தூய இரத்தம்' என்பதையும், மந்திரமறியாத பெற்றோர்க்குப் பிறந்து இழிபெயர் சூட்டப்பட்ட ஒரு பெண்ணே வகுப்பில் முதல் மாணவியாகத் திகழ்வதையும் காட்ட வேண்டும். குருதித் தூய்மையின் பெயரால் நடக்கும் கொடுமை இன்னதென்று தமிழ்ப் பிள்ளைக்கு விரிவுரை தேவையில்லை. ஊரையும் சேரியையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அது!

வெள்ளை நிறம் நன்மை, கருநிறம் தீமை என்று கோடு கிழிக்கும் கதைகளும் மலிந்துள்ளன. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய 'எர்த்சீ' கதையின் மாந்திரிகத் தலைவன் செம்பழுப்பு நிறத்தவன். அவன் தோழன் கறுப்பன். வேண்டுமென்றே அவ்வாறு படைத்தார். 2004-இல் தொலைக்காட்சியார் அந்தத் தலைவனை வெள்ளையனாக்கிக் காட்டியபோது வெளிப்படையாகக் கண்டித்தார். கற்பனை உலகிலும் நிறவெறி நுழையும். கற்பனை உலகிலிருந்தே அதை விரட்டவும் முடியும் என்பதற்கு அந்த அம்மையார் சான்று.

எல்லாவற்றினும் கொடியது ஒன்று உண்டு: கற்பனைக்கு வரலாற்றுச் சட்டை அணிவித்து உலவவிடுவது. 2014 அக்டோபரில் மும்பையில் ஒரு மருத்துவமனைத் திறப்பு விழாவில் நாட்டின் பிரதமரே, பிள்ளையாரின் யானைத் தலையைக் காட்டி அந்நாளிலேயே உறுப்பொட்டு அறுவை மருத்துவம் இருந்திருக்கும் என்று பேசினார். 2019 சனவரியில் ஜலந்தரில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில், ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தர் கௌரவர் நூற்றுவரும் சோதனைக் குழாய்க் குழந்தைகள் என்றும், இராவணனிடம் பலவகை வானூர்திகள் இருந்தன என்றும் உரைத்தார். கேட்டிருந்தவர் பள்ளிச் சிறுவர்களும் அடங்கிய அவை! அறிவியலாளர் பலர் கண்டித்தனர். ஆயினும் சொன்னது சொன்னதுதான். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் கடமை என்று 1976-இல் அரசமைப்புச் சட்டத்தில் எழுதி வைத்த நாடு இது!

இப்போது சொல்லுங்கள் தோழரே, எவர் மயக்கத்தில் இருக்கிறார்? பறக்கும் துடைப்பக் கதையைப் படித்துவிட்டு, வீட்டுத் துடைப்பத்தால் வாசலைப் பெருக்கும் சிறுவனா? புட்பக விமானக் கதையைப் படித்துவிட்டு, அதை அறிவியல் மேடையில் இறக்கப் பார்க்கும் துணைவேந்தரா? சிறுவனுக்குக் கதை எது, மெய் எது என்று தெரிந்திருக்கிறது. தெரியாதவர் பெரியவர். கதையைக் கதையாகப் படிக்கும் பழக்கம் இளமையில் வாய்க்காதவரே, முதுமையில் கதையை மெய்யென்று பேசித் திரிகின்றனர். மாயப்புனைவு நோயன்று, இந்த நோய்க்கு இளமையிலேயே இடும் அம்மைப்பால்!

ஆதலின் நாம் செய்ய வேண்டுவது யாது?

பிள்ளையின் கையிலிருந்து நூலைப் பறிக்காதீர்கள். பறித்த இடம் வெறுமையாய் இராது. கைபேசியின் வழியே சோதிடரும் சாமியாரும் அங்கே வந்து அமர்வர். நூலை விட்டுவைத்து, கேள்வியைச் சேர்த்துக் கொடுங்கள். இந்த உலகில் ஆள்பவன் எவன், அவனுக்கு அந்த உரிமையை அளித்தவர் எவர்? உழைப்பவன் எவன், உண்பவன் எவன்? தீயோன் என்று சொல்லப்படுபவன் தன் கதையைத் தானே சொன்னால் எப்படிச் சொல்வான்? இந்த மூன்று கேள்விகளோடு எந்த மாயக்கதையைப் படித்தாலும் பிள்ளை ஏமாறாது. மூன்றாம் கேள்வியைத்தானே நீதிதேவன் முன்னால் இராவணன் வாயிலாக அண்ணா கேட்டார்!

ஊர் நூலகங்களைக் கேளுங்கள். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கண்டது சென்னை மாகாணம், ஆண்டு 1948. அன்று முதல் நூலக வரி செலுத்திவரும் மக்கள் நாம். சென்னையில் 2010-இல் அண்ணா பெயரிலும், மதுரையில் 2023-இல் கலைஞர் பெயரிலும் மாடமாளிகை போன்ற நூலகங்கள் எழுந்தன, மகிழ்ச்சி. ஆனால் ஆலங்குளத்துப் பிள்ளை மதுரைக்குப் போய்த் திரும்பும் பேருந்துக் கட்டணத்தில் வீட்டின் இரண்டு நாள் காய்கறிச் செலவு அடங்கும். சிற்றூர் நூலகங்களின் சிறுவர் அடுக்கில், தேர்வு வினா விடைக்கும் நீதிக்கதைக்கும் நடுவே, உலகின் நல்ல மாயக்கதைகள் நல்ல தமிழில் அமர வேண்டும். ஆங்கிலப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு ஆயிரம் உலகம், தமிழ்ப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு ஒரே உலகம் என்பது என்ன நீதி? கற்பனையிலுமா அக்கிரகாரம்? கனவிலுமா கடைத்தெரு?

எழுதுவோரையும் கேட்கிறேன். வாண்டுமாமா என்னும் பெயரில் எழுதி 2014-இல் மறைந்த பெரியவர், தமிழ்ச் சிறுவர்க்கு மந்திரத் தீவுகளையும் மாயக் குகைகளையும் தம் ஆயுளெல்லாம் படைத்தளித்தார். அந்த வரிசை நீள வேண்டாவா? எங்கள் மண்ணில் கதைக்குப் பஞ்சமா? மேற்குமலையில் சாம்பல் நிற அணில் தாவுகிறது. வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை மேட்டைத் தோண்டினால், பண்டை மக்கள் விளையாடிய ஆட்டக்காய்கள் கிடைக்கின்றன. சிமென்ட் ஆலைக்குக் கல் வெட்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கி நிலா மிதக்கிறது. அந்த ஆட்டக்காயை உருட்டிய சிறுமி ஒருத்தி இன்று எழுந்து வந்தால் என்ன கேட்பாள்? "உங்கள் ஊரில் இரண்டு குவளை எதற்கு?" என்று கேட்கமாட்டாளா? அந்தக் கதையை எழுதுங்கள்! வேலேந்திய கடவுளும் வேண்டா, வெள்ளைக்கார இளவரசனும் வேண்டா. தீப்பெட்டித் தொழிலாளியின் மகள் கதைத்தலைவியாக நிற்கட்டும்; அவள் கையில் மந்திரக்கோலும் இருக்கட்டும், கேள்வியும் இருக்கட்டும். வஞ்சியின் தங்கை அவள்!

தோழரே, மூடநம்பிக்கைக்கு மாற்று வறண்ட உள்ளம் அன்று. கனவு காணத் தெரியாத பகுத்தறிவு, விதைக்காத வயலுக்கு வேலி. கதையைக் கதையாக நேசிக்கவும், மெய்யை மெய்யாக நாடவும் தெரிந்த தலைமுறை ஒன்று புத்தகத்தை விரித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறது. அதன் விளக்கை அணைக்க வேண்டா; திரியைத் தூண்டுவோம்!